பொத்தானும் வரையறையும்: தானே திறக்கும் கத்தியைச் சட்டம் சொல்லில் அடைக்க முயன்ற வரலாறு

ஒப்பந்தச் சட்டம் பயிலும் மாணவர்கள் முதற்பருவத்திலேயே 'ஃபிஷர் எதிர் பெல்' என்னும் வழக்கைப் படித்துவிடுகின்றனர். கடைக்கண்ணாடிக்குப் பின்னால் விலைச்சீட்டுடன் வைக்கப்பட்ட பொருள் விற்பனைக்கான முன்மொழிவு அன்று. வாங்க வருவோரை முன்மொழியுமாறு அழைக்கும் அழைப்பு மட்டுமே என்பது அவ்வழக்கிலிருந்து பெறப்படும் விதி. தேர்வுக்கு அவ்வளவே போதும் என்பதால், அக்கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பொருள் எது என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். அது ஒரு பொத்தான் கத்தி. பிடியிலுள்ள பொத்தானை அழுத்தியவுடன் சுருள்வில்லின் விசையால் அலகு தானே வெளியே பாயும் மடக்குக் கத்தி. வழக்கும் ஒப்பந்தத் தகராறாகத் தொடங்கியதன்று. குற்றவியல் வழக்காகவே தொடங்கியது.

கத்தியைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் பொதுவாக அலகின் நீளத்தையோ, வைத்திருப்பவரின் நோக்கத்தையோ, வைத்திருக்கும் இடத்தையோ பார்க்கும். பொத்தான் கத்திக்கு எதிரான சட்டங்கள் இம்மூன்றிலிருந்தும் வேறுபட்டவை. அவை கத்தி எப்படி வெட்டுகிறது என்று கேட்கவில்லை. எப்படித் திறக்கிறது என்று கேட்டன. அடுக்களையில் கிடக்கும் அரிகத்தி அதைவிட நீளமாகவும் கூர்மையாகவும் இருக்கலாம். அது குற்றப்பொருள் ஆகாது. எனவே இச்சட்டங்களை இயற்றியோர் ஓர் அசைவைச் சொற்களால் வரையறுக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அவ்வரையறை தான் குறித்த பொருளோடு பொருந்தி நிற்கவில்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையில் விழுந்த இடைவெளியில் சில வேளைகளில் வணிகர் தப்பினர். பல வேளைகளில் சட்டைப்பையில் கத்தி வைத்திருந்த எளியவர் சிக்கினர். இக்கட்டுரை அந்த இடைவெளியின் வரலாறு.

கருவி ஆயுதமான காலம்

பொத்தான் கத்தி முதலில் கருவியாகவே விற்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஷ்ரேட் இதற்கான காப்புரிமைகளைப் பெற்றுத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கினார். நகத்தால் அலகை நெம்பித் திறக்க வேண்டியதில்லை. ஒரு கையால் திறக்கலாம் என்பதே அதன் சிறப்பு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க வான்குடைப் படையினருக்கு இத்தகைய கத்தி வழங்கப்பட்டது. ஒரு கை சிக்கிக்கொண்டாலும் மறுகையால் கயிற்றை அறுத்துத் தப்ப வேண்டும் என்பதே காரணம். போருக்குப் பின் இத்தாலியிலிருந்து மெல்லிய, நீண்ட அலகுடைய கத்திகள் வந்து குவிந்தன. கருவியின் தோற்றம் மாறியது.

1950 நவம்பரில் 'உமன்ஸ் ஹோம் கம்பேனியன்' என்னும் பெண்கள் இதழில் ஜாக் ஹாரிசன் போலாக் எழுதிய கட்டுரை வெளிவந்தது. அதன் தலைப்பைத் தமிழில் 'கொல்லும் விளையாட்டுப் பொருள்' எனலாம். இளைஞர் கும்பல்கள் பற்றிய அச்சம் நகரங்களில் பரவிக்கொண்டிருந்த காலம் அது. 1954இல் நியூயார்க் மாநிலம் தடை விதித்தது. 1955இல் வெளியான 'ரெபல் வித்அவுட் எ காஸ்' திரைப்படத்தின் கத்திச் சண்டையும், 1957இல் பிராட்வேயில் அரங்கேறிய 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசைநாடகமும் அக்கத்திக்கு ஒரு முகத்தைத் தந்தன. அம்முகம் பெரும்பாலும் ஏழை, குடியேறி, இளைஞன் என்னும் மூன்றும் சேர்ந்ததாக இருந்தது. 1958 ஆகஸ்டில் அமெரிக்கக் காங்கிரஸ் கூட்டாட்சி அளவில் சட்டம் இயற்றியது.

அச்சட்டத்தின் வரையறை இரண்டு கிளைகள் உடையது: பிடியிலுள்ள பொத்தானையோ வேறு பொறியையோ கையால் அழுத்தத் தானே திறப்பது, அல்லது நிலைமத்தாலோ ஈர்ப்பாலோ இரண்டாலுமோ தானே திறப்பது. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தில் இவற்றை ஈடுபடுத்துவோருக்கு ஐந்தாண்டு வரை சிறை. இதற்கு விலக்குகளும் உண்டு. அவற்றில் ஒன்று, ஒரே கையுடைய ஒருவர் 3 அங்குலத்துக்கு மிகாத அலகுடைய இத்தகைய கத்தியை உடன் கொண்டு செல்லலாம் என்பது. ஒரு கையால் திறக்கும் பொருள் யாருக்கு உண்மையிலேயே தேவை என்பதைச் சட்டம் அறிந்தேயிருந்தது என்பதற்கு இவ்விலக்கே சான்று. கருவி என்னும் பழைய பொருள் அழிந்துவிடவில்லை. விதிவிலக்கு ஒன்றுக்குள் ஒதுங்கிக்கொண்டது.

பிரிஸ்டலில் ஒரு விலைச்சீட்டு

1959இல் பிரிட்டன் நாடாளுமன்றம் தாக்குதல் ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. இத்தகைய கத்திகளை உற்பத்தி செய்வது, விற்பது, வாடகைக்கு விடுவது, விற்பனைக்கு முன்மொழிவது, இரவல் கொடுப்பது, பரிசளிப்பது ஆகியவை குற்றங்கள் ஆயின. அவ்வாண்டே பிரிஸ்டல் நகரக் கடை ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் 'எஜெக்டர் நைஃப் – 4 ஷில்லிங்' என்ற சீட்டுடன் ஒரு கத்தி வைக்கப்பட்டிருந்தது. காவல்துறை வழக்குத் தொடுத்தது. கீழ்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் தலைமை நீதிபதி லார்ட் பார்க்கர் 1960 நவம்பரில் அத்தள்ளுபடியை உறுதிசெய்தார்.

காரணம் ஒரு வினைச்சொல். 'முன்மொழிதல்' என்பது ஒப்பந்தச் சட்டத்தில் நிலைத்த பொருளுடைய கலைச்சொல். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தல் அப்பொருளில் முன்மொழிதல் அன்று. வேறு சட்டங்களில் 'விற்பனைக்காகக் காட்சிக்கு வைத்தல்' என்ற தொடர் தனியாக இடம்பெற்றிருந்தது; இச்சட்டத்தில் அது விடுபட்டிருந்தது. விடுபட்டதை நிரப்புவது நீதிமன்றத்தின் வேலையன்று என்று அமர்வு கருதியது. தெருவில் போகும் ஒருவரிடம் 'இக்கடையில் இக்கத்தி விற்பனைக்கு இருக்கிறதா' என்று கேட்டால் ஆம் என்பார். வழக்குமொழியில் விற்பனைக்கு இருக்கும் பொருள் சட்டமொழியில் விற்பனைக்கு முன்மொழியப்படாததாயிற்று. 1961இல் நாடாளுமன்றம் திருத்தச் சட்டம் இயற்றி, காட்சிக்கு வைத்தலையும் விற்பனை நோக்குடன் வைத்திருத்தலையும் சேர்த்தது.

இதை ஒட்டி இந்தியச் சட்டத்தை நோக்கினால் ஒரு சிறு வியப்பு காத்திருக்கிறது. 1959 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இந்திய ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, 'விற்பனைக்காகக் காட்சிக்கு வைத்தல்', 'முன்மொழிதல்', 'விற்பனைக்காக வைத்திருத்தல்' ஆகிய மூன்றையும் வரிசையாகக் கூறுகிறது. பிரிட்டன் வழக்கில் தோற்றுத் திருத்திக்கொண்ட ஓட்டையை இந்தியச் சட்டம் தொடக்கத்திலேயே அடைத்திருந்தது.

பிரிட்டனின் வரையறை அதன்பின்னும் ஓயவில்லை. 1959ஆம் ஆண்டுச் சட்டம் பொத்தானைப் பிடியில் தேடியது. உற்பத்தியாளர்கள் அலகின் மீதே சிறு குமிழ் ஒன்றை அமைத்தனர். விரலால் அதைச் சற்றே தள்ளினால் மீதி வழியைச் சுருள்வில் முடித்துவிடும். எனவே 2019ஆம் ஆண்டுச் சட்டம் வரையறையை விரித்தது: பொத்தான் கத்தியின் எப்பகுதியில் இருந்தாலும், மூடிய நிலையிலிருந்தோ பகுதி திறந்த நிலையிலிருந்தோ தானே முழுமையாகத் திறந்தால் அது தடைக்குரியது. 2021 ஜூலை முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றமாயிற்று.

அதே கத்தியைக் குறித்து அமெரிக்கா 2009இல் நேர்எதிர் முடிவை எடுத்தது. சுங்கத்துறை அவ்வகைக் கத்திகளைத் தடைக்குள் கொண்டுவர முனைந்தபோது காங்கிரஸ் இடைமறித்தது. மூடிய நிலையை நோக்கிச் சாயும் இயல்புடைய அலகை, கையின் விசையால் முதலில் திறக்க வேண்டியிருந்தால், அது தடைக்குள் வராது என்று திருத்தியது. ஒரே பொறியமைப்பு, பாதி வழி கை, பாதி வழி வில். 'தானே' என்ற ஒற்றைச் சொல்லின் எல்லையை ஒரு நாடு பாதி வழியிலிருந்து அளந்தது. மற்றொன்று தொடக்கப் புள்ளியிலிருந்து அளந்தது.

மணிக்கட்டுச் சோதனை

இதுவரை கண்டவை சொல்லின் ஓட்டை வழியே பொருள் தப்பிய கதைகள். நியூயார்க்கில் நடந்தது இதன் மறுபக்கம்.

1958இல் அம்மாநிலம் 'ஈர்ப்புக் கத்தி'யையும் தடைசெய்தது. ஜெர்மானிய வான்குடைப் படையினர் பயன்படுத்திய வகை அது. தலைகீழாகப் பிடித்தால் அலகு தன் எடையால் கீழிறங்கிப் பூட்டிக்கொள்ளும். சட்டம் 'ஈர்ப்பு விசையால்' என்பதோடு நிற்காமல் 'மையவிலக்கு விசையால்' என்றும் சேர்த்தது. பின்னர் வந்த காலத்தில் மரவேலைக்கும் மின்வேலைக்கும் அட்டைப்பெட்டி அறுப்பதற்கும் உதவும் சாதாரண மடக்குக் கத்திகள் கடைகளில் பெருகின. காவலர் ஒருவர் அவற்றுள் ஒன்றை எடுத்து மணிக்கட்டை வேகமாகச் சொடுக்குவார். அலகு வெளியே வந்து பூட்டிக்கொண்டால் அது ஈர்ப்புக் கத்தி, வைத்திருந்தவர் குற்றவாளி. பலமுறை சொடுக்கியபின் ஒருமுறை திறந்தாலும் வழக்கு உண்டு. கைதானோரில் பெரும்பாலோர் கருப்பினத்தாரும் லத்தீன் அமெரிக்க மரபினருமான தொழிலாளர் என்பதைச் சட்ட உதவி வழக்கறிஞர்கள் ஆண்டுதோறும் சுட்டிவந்தனர்.

இங்கே கத்தியின் இயல்பு கத்தியில் இல்லை. சொடுக்கும் கையில் இருந்தது. வாங்கியவர் தம் கையால் முயன்று திறக்க முடியாத கத்தியைப் பயிற்சி பெற்ற காவலர் திறந்துவிடலாம். தம்மிடம் இருப்பது சட்டத்துக்கு உட்பட்டதா என்று அறிய அவருக்கு வழியே இல்லை. 2019 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று இச்சட்டம் தன் முன் வந்த வழக்கில் பொருந்திய விதத்தில் அரசமைப்புக்குப் பொருந்தாத அளவு தெளிவற்றது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதம் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியிருந்த நீக்கச் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்டார். அறுபது ஆண்டுக்கால விதி நீங்கியது. அதற்குள் பலர் சிறைக்குச் சென்று திரும்பியிருந்தனர்.

தில்லி: பட்டன்தார், கராரிதார்

இந்திய நிலைக்கு வருவோம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, தாக்கவோ காக்கவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட எப்பொருளையும் 'ஆயுதம்' என்கிறது. வீட்டு வேலைக்கோ வேளாண்மைக்கோ மட்டும் வடிவமைக்கப்பட்டவற்றை விலக்குகிறது. 1962ஆம் ஆண்டு விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகை கத்திகளைப் பற்றியது: 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய வாள், குத்துவாள், கிர்பான், குக்ரி முதலியன. இதில் பொத்தான் என்ற சொல்லே இல்லை. துப்பாக்கியல்லாத ஆயுதங்களை வைத்திருப்பதைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று கருதினால், குறிப்பிட்ட பகுதிக்கு அறிவிக்கை வெளியிடலாம் என்று 4ஆம் பிரிவு கூறுகிறது. அவ்வழியில் 1980 அக்டோபர் 29 அன்று தில்லி நிர்வாகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தில்லியின் கத்தி வழக்குகளில் மீண்டும் மீண்டும் மேற்கோள் காட்டப்படுவது அதுவே.

ஆங்கிலத்தில் அமைந்த அவ்வறிவிக்கை நான்கு வகைகளை அடுக்குகிறது: சுருள்வில்லால் இயங்கும் கத்தி, 'கராரிதார்' கத்தி, 'பட்டன்தார்' கத்தி, வேறு ஏதேனும் பொறியமைப்பால் திறக்கவோ மூடவோ செய்யும் கத்தி. அலகு 7.62 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமும் 1.72 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் உடையதாக இருக்க வேண்டும்.

மொழியியல் மாணவர் இவ்வாசகத்தின் முன் சற்று நிற்க வேண்டும். 'பட்டன்' ஆங்கிலம், 'தார்' பாரசீக விகுதி. 'உடையவர், வைத்திருப்பவர்' என்னும் பொருளில் ஜமீன்தார், தாசில்தார், ஹவில்தார் என்று தமிழிலும் புழங்கும் அதே விகுதிதான். இந்துஸ்தானியில் அது அஃறிணைக்கும் வரும். எனவே பட்டன்தார் என்பது 'பொத்தான் உடையது'. 'கராரி' என்றால் கப்பி, பல்சக்கரம். பெயரைக்கொண்டு நோக்கின் கராரிதார், சுழலச்சில் பல் வெட்டப்பட்ட கத்தி. கையால் விரிக்க விரிக்கப் பல் பல்லாக ஏறி இறுதியில் பூட்டிக்கொள்வது. அது தானே திறப்பதன்று. ஆக, 'சுருள்வில்' என்பது விசையைக் குறிக்கும் பொறியியல் சொல். 'பட்டன்தார்', 'கராரிதார்' ஆகியவை உறுப்பைக் குறிக்கும் சந்தைச் சொற்கள். அறிவிக்கையை எழுதியவர் அறிவியல் வரையறை ஒன்றைத் தேடவில்லை. கடைத்தெருவும் காவல்நிலையமும் ஏற்கெனவே அறிந்திருந்த பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒரு வகையில் இது நியூயார்க்கின் 'மையவிலக்கு விசை'யைவிட நேர்மையானது: வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தெரிந்த சொல்லே சட்டத்திலும் இருந்தது.

சிக்கல் நான்காம் வகையில் இருக்கிறது. 'திறக்கவோ மூடவோ' என்னும் தொடரில் 'மூடவோ' என்பதை நேர்ப்பொருளில் எடுத்தால், ஒரு தகட்டை விலக்கி மூடும் எந்தப் பூட்டுடைய மடக்குக் கத்தியும் உள்ளே வந்துவிடும். பட்டியலின் இறுதியில் வரும் பொதுச்சொல்லை அதற்கு முன் வந்த சிறப்புச் சொற்களின் இனத்தோடு ஒட்டியே பொருள்கொள்ள வேண்டும் என்னும் விளக்கநெறி இங்கே காப்பாக அமையலாம். ஆனால் அந்நெறி நீதிமன்றத்தில்தான் உண்டு. சோதனைச் சாவடியில் இல்லை.

அளவுகளும் பேசுகின்றன. 7.62 சென்டிமீட்டர் என்பது மிகச் சரியாக 3 அங்குலம். அமெரிக்காவில் ஒரு கையருக்கு அளித்த விலக்கும் 3 அங்குலம். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்தில் அனுமதிக்கும் சாதாரணப் பேனாக்கத்தியின் வெட்டுவிளிம்பும் 3 அங்குலம். நாடு மெட்ரிக் முறைக்கு மாறிவிட்டது; கத்தியைப் பற்றிய அச்சம் அங்குலத்திலேயே அளக்கப்பட்டது. விதிகளின் 9 அங்குலத்தை அறிவிக்கை 3 அங்குலமாகச் சுருக்கியது. இருமடிப்பு அல்லது ஒரு பொத்தான் இருப்பதால் மட்டுமே ஒரு கத்தி மும்மடங்கு அபாயமானதாகக் கருதப்பட்டது.

இவ்வளவுகள் வெறும் எண்கள் அல்ல. ஆயுதச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் இத்தகைய வழக்குக்குக் குறைந்தது ஓராண்டு, மிகுதியாக மூன்றாண்டு சிறை. தக்க, சிறப்பான காரணம் எழுதினால் மட்டுமே நீதிபதி ஓராண்டுக்குக் கீழே இறங்க முடியும். காவலர் கத்தியை வெள்ளைத்தாளில் வைத்து அதன் உருவை வரைகிறார். மொத்த நீளம், அலகு, பிடி, அகலம் ஆகியவற்றை அளந்து எழுதுகிறார். துணியில் பொதிந்து முத்திரை இடுகிறார். அக்கோட்டோவியத்தின் ஓரிரு மில்லிமீட்டரில் ஓர் இளைஞனின் ஓராண்டு தங்கியிருக்கிறது. பொதுமக்களில் எவரும் சாட்சியாகச் சேர்க்கப்படாததால் விடுதலையான வழக்குகளும் பல.

பிரிஸ்டலின் பாடம் தில்லியிலும் திரும்பி வந்தது. அறிவிக்கை இக்கத்திகளைப் பற்றிப் பேசும்போது உற்பத்தி, விற்பனை, விற்பனைக்காகவோ சோதனைக்காகவோ வைத்திருத்தல் என்னும் நோக்கங்களைக் கூறுகிறது. குற்றப்பத்திரிகை கத்தியின் அளவை மட்டும் கூறி, நோக்கம் பற்றி ஒன்றும் கூறாவிட்டால் வழக்கு நிற்காது என்று மேல்நீதிமன்றங்கள் அண்மை ஆண்டுகளில் கூறியுள்ளன. 'விற்பனைக்காக' என்ற வேற்றுமை உருபு அறிவிக்கையில் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அதைப் படிக்காமலேயே எத்தனையோ வழக்குகள் நடந்து முடிந்தன.

ராம்பூரும் 'ஆயுதம்' என்னும் சொல்லும்

இந்தியாவில் இக்கத்திக்கு ஊர்ப்பெயர் உண்டு: ராம்பூரி. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், 1774 முதல் ரோகில்லா நவாபுகளின் ஆட்சியில் இருந்த ஊர். அமெரிக்காவில் திரைப்படம் செய்ததை இங்கே இந்திப் படங்கள் செய்தன. 1965இல் வெளிவந்த 'வக்த்' படத்தில் ராஜ்குமார் எதிராளியின் கத்தியைப் பற்றிப் பேசும் காட்சி இன்றும் நினைவுகூரப்படுகிறது. 1990களின் நடுப்பகுதியில் 4.5 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுடைய கத்திகள் செய்வதற்கு மாநில அரசு தடை விதித்தது. கைவினைஞர் பலர் தொழிலை விட்டனர். 2023இல் அதே ஊரின் நாற்சந்தியில் ஏறத்தாழ 20 அடி நீளமுள்ள ராம்பூரிக் கத்தி ஒன்று ஊரின் பெருமையாக நிறுவப்பட்டது. சிலையாக நின்றால் மரபு, பையில் இருந்தால் ஆயுதம்.

'ஆயுதம்' என்னும் சொல்லே நாடுதோறும் எதிரெதிர் வேலை செய்கிறது. 2024 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம், பொத்தான் கத்தியும் அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் கூறும் 'ஆயுதம்' என்பதில் அடங்கும் என்று கூறி, அதை உடன் கொண்டு செல்வதற்கு இருந்த தடையை நீக்கியது. அங்கே அச்சொல் கத்தியைக் காத்தது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை நிராயுதராக்கி ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அதன் எதிர்வினையாகவே 1931 கராச்சித் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது. விடுதலைக்குப் பின் அரசமைப்பில் அவ்வுரிமை இடம்பெறவில்லை. 19ஆம் உறுப்பு 'ஆயுதமின்றி' அமைதியாகக் கூடும் உரிமையையே தருகிறது. ஆகவே இங்கே ஒரு பொருள் ஆயுதம் என்று பெயர் பெற்ற கணமே பாதுகாப்பை இழக்கிறது.

பொத்தான் கத்தி ஆபத்தற்றது என்று நிறுவுவது என் நோக்கமன்று. கத்திக்குத்தில் மகனை இழந்த தாய்க்குச் சுருள்வில்லின் இயற்பியலைப் பற்றி உரையாற்ற எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த இழப்பைத் தடுக்க வந்த சட்டம் செயலையும் நோக்கத்தையும் விட்டுப் பொறியின் பெயரைப் பற்றிக்கொள்ளும்போது, பெயருக்குள் யார் வருவார் என்பதைத் தீர்மானிப்பது தெருவில் நிற்கும் காவலரின் கையும் அளவுகோலும்தான். தில்லி விசாரணை நீதிமன்றங்களின் தீர்ப்புகள் இன்று இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. 'பட்டன்தார்' என்ற சொல் அவற்றில் எத்தனை வேறுபட்ட கத்திகளுக்கு வழங்கப்பட்டிருக்கிறது, அவற்றுள் எத்தனையில் உண்மையிலேயே பொத்தான் இருந்தது என்று சட்ட மாணவரும் மொழியியல் மாணவரும் சேர்ந்து அமர்ந்து படித்துத் தொகுக்கலாம். முனைவர் பட்டத்துக்கே உரிய தலைப்பு அது. யாரேனும் முன்வந்தால் உடன் உழைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.